புரதத்தைக் கையால் மடிப்பது

“எல்லாம் திரையிலேயே சுழல்கிறதே, இன்னும் எதற்கு இந்தக் குச்சியும் உருண்டையும்?” என்று, நான் வகுப்பில் மூலக்கூறு மாதிரிகளைக் கட்டவைப்பதைப் பற்றி உடன் பணிபுரியும் ஒருவர் கேட்டார். குத்திக்காட்டக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அவர் பக்கம் நியாயம் நிறைய இருக்கிறது. புரதத் தரவு வங்கி 1971-ல் ஏழு கட்டமைப்புகளோடு தொடங்கியது. இன்று அதில் இரண்டு லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. ஆல்ஃபாஃபோல்டு என்ற செயற்கை நுண்ணறிவு நிரல் கணித்துக் கொடுத்தவை 20 கோடிக்கும் மேல். எல்லாமே இலவசம். கைப்பேசி ஒன்று இருந்தால் எந்த மாணவரும் ஹீமோகுளோபினை இழுத்துத் திருப்பிப் பெரிதாக்கிப் பார்த்துவிடலாம். மாதிரிப் பெட்டியோ விலை அதிகம், துண்டுகள் தொலைந்துபோகும், புரதச் சங்கிலியின் கண்ணிகளான அமினோ அமிலங்களில் எட்டைக் கோர்த்து முடிப்பதற்குள் வகுப்பே முடிந்துவிடும். அன்று ஏதோ பதில் சொல்லிவிட்டு வந்தேன், ஆனால் கேள்வி என்னை விடவில்லை. மாதிரி வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எதற்காக வேண்டும் என்றுதான் தெளிவாகச் சொல்ல வரவில்லை. ‘கையால் தொட்டால் நன்றாகப் புரியும்’ என்பது பொத்தாம்பொதுவான பேச்சு. தொட்டால் எது புரிகிறது, எது அப்போதும் புரிவதில்லை என்று பிரித்துச் சொன்னால்தான் அது பதில்.

திரையில் என்ன குறை என்று யோசித்தால் முதலில் நினைவுக்கு வருவது ரிப்பன் படம். புரதத்தின் முதுகெலும்பை, அதாவது சங்கிலியின் நடு இழையை, சுருள் நாடாவாகவும் அம்பாகவும் காட்டும் இந்த முறையை ஜேன் ரிச்சர்ட்சன் 1981-ல் கையாலேயே வரைந்து நிலைநிறுத்தினார். அருமையான வேலை. ஆயிரக்கணக்கான அணுக்களுக்கு நடுவே சங்கிலி எந்த வழியாகப் போகிறது என்று ஒரே பார்வையில் சொல்லிவிடும். ஆனால் அணுக்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று அவருக்குத் தெரியும், தெரிந்துதான் விட்டுவிட்டு வரைந்தார். எடுத்த எடுப்பில் ரிப்பனையே பார்க்கும் மாணவருக்கு எது விடுபட்டிருக்கிறது என்று தெரியாது. அவருக்கு ஆல்ஃபா ஹெலிக்ஸ் (புரதச் சங்கிலி சுருண்டு நிற்கும் ஒரு வடிவம்) என்றால் நடுவில் ஓட்டையுள்ள சுருள் குழாய். “இந்த ஓட்டை வழியா அயனி போகுமா, மேடம்?” என்ற கேள்வி கிட்டத்தட்ட ஒவ்வொரு ஆண்டும் வருகிறது. படத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் நல்ல கேள்விதான். உண்மையில் ஹெலிக்ஸின் நடுவில் இடமே கிடையாது. முதுகெலும்பு அணுக்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நெருக்கமாக அடைந்திருக்கின்றன, ஒவ்வொரு அமினோ அமிலத்திலும் கிளைக்கும் பக்கச்சங்கிலிகள் வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அணுக்களை முழுப் பருமனோடு காட்டும், இடம் நிரப்பும் மாதிரியில் செய்த ஹெலிக்ஸ் ஒன்றை நிமிர்த்திப் பிடித்து மேலிருந்து பார்க்கச் சொன்னால் போதும், அந்தக் கேள்வி மறுபடி எழாது.

அதற்காக, முப்பரிமாண அச்சில் எடுத்த முழுப் புரதத்தைக் கையில் கொடுத்துவிட்டால் பாடம் முடிந்தது என்று சொல்லமாட்டேன். கொடுத்துப் பார்த்திருக்கிறேன். வாங்குவார்கள், திருப்பிப் பார்ப்பார்கள், “அழகா இருக்கு” என்பார்கள், படம் எடுத்துக்கொண்டு அடுத்தவரிடம் தருவார்கள். நொதியின் பள்ளத்தில் ஒரு சிறு மூலக்கூறைப் பொருத்திப் பார்ப்பது போன்ற வேலைக்கு அது நல்லது. பார்வைக் குறைபாடுள்ள மாணவருக்கு அது வெறும் துணைப்பொருள் இல்லை, பாடமே அதுதான். மற்றபடி, முடிந்துபோன வடிவம் எந்தக் கேள்வியையும் கிளப்புவதில்லை. ஏன் இப்படி மடிந்தது, வேறு மாதிரி மடிந்தால் என்ன என்று கேட்க அதில் வழியே இல்லை. மாணவர் கையில் தரவேண்டியது மடியாத சங்கிலி.

தளர்வான மூட்டு

வேதியியலாளர் லைனஸ் பாலிங் 1948-ல் ஆக்ஸ்ஃபோர்டில் சளி பிடித்துப் படுத்திருந்தபோது, தாளில் பாலிபெப்டைட் சங்கிலியை (அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி) வரைந்து மடித்து மடித்து ஆல்ஃபா ஹெலிக்ஸைப் பிடித்த கதை எல்லோருக்கும் தெரியும். கதையில் சளிக்கும் படுக்கைக்கும் கிடைக்கும் இடம் தாளுக்குக் கிடைப்பதில்லை. எனக்குத் தாள்தான் முக்கியம். தாள் மடித்த கோட்டில் மட்டும்தான் வளையும், மற்ற இடத்தில் தட்டையாகவே நிற்கும். பாலிங் மடித்தது, பக்கச்சங்கிலி கிளைக்கும் கார்பன்களான ஆல்ஃபா கார்பன்கள் வரும் இடத்தில். இரண்டு மடிப்புகளுக்கு நடுவே இருந்த, ஒரு அமினோ அமிலத்தை அடுத்ததோடு இணைக்கும் பெப்டைட் பிணைப்பு தட்டையாகவே இருந்தது. அது தட்டையாகத்தான் இருக்கும் என்று வேதியியல் தெரிந்த அவருக்குத் தெரியும்: அங்கே கார்பனுக்கும் நைட்ரஜனுக்கும் நடுவே உள்ள தூரம் சுமார் 1.33 ஆங்ஸ்ட்ராம் (ஒரு மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு ஓர் ஆங்ஸ்ட்ராம்), சாதாரண ஒற்றைப் பிணைப்பு என்றால் 1.47 அளவில் இருக்கவேண்டும். பாதி இரட்டைப் பிணைப்பு, எனவே திரும்பாது. கேம்பிரிட்ஜில் பிராகும் கென்ட்ரூவும் பெரூட்ஸும் சேர்ந்து 1950-ல் பல ஹெலிக்ஸ் வடிவங்களை வெளியிட்டார்கள். அதில் ஆல்ஃபா ஹெலிக்ஸ் இல்லை. பெப்டைட் பிணைப்பு தட்டையாக இருக்கவேண்டும் என்ற கட்டாயத்தை அவர்கள் வைக்கவில்லை. போதாததற்கு, ஒரு சுற்றுக்கு இத்தனை அமினோ அமிலம் என்பது முழு எண்ணாக இருக்கவேண்டும் என்று நினைத்தார்கள். பாலிங்கின் தாளில் வந்தது 3.6. 1951-ல் அவர் அதை வெளியிட்டபோது, சுற்றின் உயரம் 5.4 ஆங்ஸ்ட்ராம் என்றது மாதிரி, முடியின் எக்ஸ்ரே படம் 5.1 என்றது. மாதிரியை நம்பித்தான் வெளியிட்டார். ஹெலிக்ஸ்கள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு ஓடுவதால்தான் அந்த வேறுபாடு என்பது பிறகு விளங்கியது.

நம் மாதிரிப் பெட்டிகளில் எனக்கு உள்ள பெரிய குறை இதுதான். கரிம வேதியியலுக்கென்று செய்த பெட்டியை எடுத்துப் பெப்டைட் கட்டினால் எல்லா மூட்டும் ஒரே மாதிரி சுழலும். மாணவர்கள் சங்கிலியைக் கையில் எடுத்தால் நூடுல்ஸ் மாதிரி தொங்கும். எப்படி வேண்டுமானாலும் மடக்கலாம் என்றால், ‘புரதம் ஏன் இப்படி மடிகிறது’ என்ற கேள்விக்கு அந்த மாதிரியிடம் பதில் கிடையாது. ஆகவே நான் முதலில் செய்வது, பெப்டைட் பிணைப்பு வரும் இடத்தில் ஒற்றைக் குச்சியை எடுத்துவிட்டு இரட்டைப் பிணைப்புத் துண்டைப் போடுவது. அப்படிப் போட்டால் நீளம் துல்லியமாக வராது, பரவாயில்லை. பெட்டியில் அந்தத் துண்டு போதவில்லை என்றால் ஆறு அணுக்களையும் சேர்த்து ஒரு அட்டையில் ஒட்டிவிடுவோம். இதைச் செய்ததும் சங்கிலியின் குணமே மாறிவிடும். தொங்காது. ஒவ்வொரு ஆல்ஃபா கார்பனிலும் இரண்டே இரண்டு திருப்பங்கள், நைட்ரஜன் பக்கம் ஃபை, கார்பனைல் (ஆக்சிஜனைச் சுமக்கும் கார்பன்) பக்கம் சை. புத்தகத்தில் கிரேக்க எழுத்தாக இருந்த இரண்டும் அப்போதுதான் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் வந்து சேர்கின்றன.

இடஞ்சுழி ஹெலிக்ஸ்

எனக்குப் பதில் கிடைத்தது இந்தப் பயிற்சியில்தான். குழுக்கள் அலனின் என்ற சிறிய அமினோ அமிலத்தை எட்டு எட்டாகக் கோர்த்துக்கொண்டிருந்தன. ஒரு அமினோ அமிலத்தின் கார்பனைல் ஆக்சிஜனிலிருந்து நான்கு தள்ளி இருக்கும் நைட்ரஜனின் ஹைட்ரஜனுக்குப் பிணைப்பு. எட்டு அலனின் என்றால் நான்கு ஹைட்ரஜன் பிணைப்புகள் வரவேண்டும். ஒரு குழு மற்றவர்களுக்கு முன்பே முடித்துவிட்டது. நான்கு பிணைப்புகளும் சரியாக இருந்தன. வடிவம் சீராக, நேராக நின்றது. பக்கத்துக் குழுவும் முடித்த பிறகு இரண்டையும் அருகருகே நிறுத்தியபோதுதான் தெரிந்தது, ஒன்று வழக்கமான திருகாணி மாதிரி வலஞ்சுழியாக ஏறுகிறது, இவர்களுடையது இடஞ்சுழி. முதலில் வந்த சந்தேகம், அமினோ அமிலங்களையே தவறிப்போய் டி வடிவத்தில், அதாவது புரதங்களில் இருக்கும் எல் வடிவத்தின் கண்ணாடிப் பிம்பமாக, கட்டியிருப்பார்களோ என்பது. ஒவ்வொன்றாகச் சோதித்தோம். ஹைட்ரஜன் நம்மைப் பார்த்திருக்கும்படி பிடித்தால் கார்பனைல், பக்கச்சங்கிலி, நைட்ரஜன் என்று வலமாகச் சுற்றவேண்டும். எட்டும் சரி, எல்லாமே எல் வடிவம்தான்.

அந்த மாணவி கேட்டாள்: “நாலு ஹைட்ரஜன் பிணைப்பும் இருக்கு, பெப்டைட் எல்லாம் தட்டையா இருக்கு, நீங்க சொன்ன எதையும் நாங்க மீறலை. அப்புறம் ஏன் மேடம் இது இருக்கக் கூடாது?” பாடப்புத்தகத்தில் இதற்கு ஒரு வரிதான் உண்டு: எல் அமினோ அமிலங்கள் வலஞ்சுழி ஹெலிக்ஸையே விரும்புகின்றன. ‘விரும்புகின்றன’ என்பது காரணம் ஆகாது. அவள் கையில் இருந்த மாதிரியும் காரணம் சொல்லவில்லை, ஏனென்றால் அது குச்சி உருண்டை மாதிரி. அணுக்கள் அதில் உண்மையான அளவைவிட மிகச் சிறியவை. நடுவில் வேண்டிய அளவு காற்று இருக்கிறது. அந்த மாதிரியைப் பொறுத்தவரை இடஞ்சுழியும் சம்மதம்தான்.

களிமண் எடுத்தோம். பெட்டியின் அளவுகோல்படி கணக்குப் போட்டு, ஒவ்வொரு அலனினின் பக்கச்சங்கிலியில் இருக்கும் பீட்டா கார்பனைச் சுற்றியும் கார்பனைல் ஆக்சிஜனைச் சுற்றியும் அந்தந்த அணு உண்மையில் அடைத்துக்கொள்ளும் அளவுக்கு உருட்டி அப்பினோம். முதலில் வலஞ்சுழியில். பீட்டா கார்பன்கள் வெளிப்பக்கமாக, சங்கிலி தொடங்கிய முனையை நோக்கிச் சாய்ந்து நின்றன. ஆக்சிஜன்கள் எதிர்முனையைப் பார்த்தன. ஒன்றோடொன்று பகையில்லை. அப்புறம் இடஞ்சுழியில். இரண்டாவது அலனினிலேயே களிமண் களிமண்ணோடு ஒட்டிக்கொண்டது. பீட்டா கார்பனை அதன் சொந்தக் கார்பனைல் ஆக்சிஜனும் முந்தைய அலனினின் ஆக்சிஜனும் சேர்ந்து நெருக்கின. பெரிய மோதல் என்று சொல்லமுடியாது. அவள் விரலால் அழுத்தி வைத்தாள், நின்றது. அடுத்ததிலும் அழுத்தினாள். நான்காவது, ஐந்தாவது என்று போகப்போக முழுச் சுருளும் விறைத்துக்கொண்டு, ஒரு பக்கம் அழுத்தினால் இன்னொரு பக்கம் ஹைட்ரஜன் பிணைப்பு பிரிந்து வந்தது. “ஒண்ணு ரெண்டு தாங்கும், வரிசையா எட்டு தாங்காது” என்று அவளே சொன்னாள். புரதங்களில் நாம் பார்ப்பதும் அதேதான். திருப்பங்களில் ஓரிரு அமினோ அமிலங்கள் இடஞ்சுழி நிலையில் இருப்பதுண்டு, அதிலும் கிளைசின், அஸ்பாரஜின் என்ற இரண்டு அமினோ அமிலங்கள் அதிகம். நீளமான இடஞ்சுழி ஆல்ஃபா ஹெலிக்ஸ் அப்படி வருவதில்லை.

கேள்வி கேட்ட நண்பருக்குச் சொல்லவேண்டிய பதில் அந்தக் களிமண்ணில் இருந்தது. திரையில் ஒரு புரதத்தைச் சுழற்றும்போது அது எதற்கும் மறுப்புச் சொல்வதில்லை. நாம் எந்தப் பக்கம் இழுத்தாலும் வரும். ஏற்கெனவே மடிந்து முடிந்த வடிவத்தைச் சுற்றி நாம் நடந்துபார்க்கிறோம், அவ்வளவுதான். கோணங்களை மாற்ற விடும் மென்பொருள்களும் இருக்கின்றன. அவற்றில் இரண்டு அணுக்கள் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்தால் ஒரு சிவப்புப் புள்ளி தோன்றும், அல்லது அதுகூடத் தோன்றாது. விரல்நுனியில் வரும் எதிர்ப்பு அங்கே இல்லை. புரதக் கட்டமைப்பில் பெரும்பகுதி ‘இது முடியாது, அதுவும் முடியாது, மிச்சம் இதுதான்’ என்ற வகையிலேயே தீர்மானமாகிறது. அந்த ‘முடியாது’ கையில் உறைக்கவேண்டும்.

144 புள்ளிகள்

களிமண் சம்பவத்துக்குப் பிறகு ராமச்சந்திரன் வரைபடத்தை நடத்தும் விதத்தை மாற்றிக்கொண்டேன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் 1963-ல் வெளியிட்டது அது. உயிர்வேதியியல் படிக்கும் எவரும் அந்தப் படத்தைத் தேர்வில் வரைந்திருப்பார்கள்: ஃபை கிடையாக, சை நெடுக்காக, நான்கு கட்டம், இடப்பக்கம் இரண்டு தீவு, வலப்பக்கம் ஒரு சின்னத் தீவு. அந்தத் தீவுகள் எங்கிருந்து வந்தன என்று கேட்டால் “பல புரதங்களின் கோணங்களை அளந்து வைத்திருப்பார்கள்” என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். 1963-ல் அளப்பதற்குப் புரதம் ஏது? கென்ட்ரூவின் மையோகுளோபின் (தசையில் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் புரதம்) 2 ஆங்ஸ்ட்ராம் தெளிவில் வெளிவந்தே மூன்று ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. ராமச்சந்திரன் குழு எடுத்துக்கொண்டது சிறிய மூலக்கூறுப் படிகங்களிலிருந்து தெரிந்த தூரங்களை: கார்பனும் ஆக்சிஜனும் பொதுவாக 2.8 ஆங்ஸ்ட்ராமுக்குக் கீழே நெருங்காது, போனால் போகிறது என்று 2.7 வரை விடலாம், இந்த மாதிரி. அந்த எல்லைகளை வைத்து ஒவ்வொரு ஃபை, சை கோணத்திலும் எது எதனோடு மோதுகிறது என்று கணக்குப் போட்டார்கள். தீவுகள் என்பவை மோதல் இல்லாத இடங்கள். வேறு ஒன்றும் இல்லை.

அப்படியானால் அதைக் கையாலேயே வரையலாமே. ஒரே ஒரு அலனின், இரண்டு பக்கமும் அட்டையில் ஒட்டிய பெப்டைட் தட்டுகள், எல்லா அணுக்களுக்கும் களிமண் உடம்பு, இரண்டு மூட்டிலும் காகிதத்தில் அச்செடுத்த கோணமானி. 30 பாகைக்கு ஒரு புள்ளி என்று வைத்தால் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு, மொத்தம் 144 இடங்கள். ஆறு குழுக்கள் ஆளுக்கு இரண்டு ஃபை கோணங்களை எடுத்துக்கொள்ளும். ஃபையை அந்தக் கோணத்தில் நிறுத்திவிட்டுச் சையைச் சுற்றிக்கொண்டே போகவேண்டும், மோதினால் பலகையில் பெருக்கல் குறி, மோதாவிட்டால் வட்டம். தொடக்கத்தில் வேலை சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் சீக்கிரமே ஆட்கள் மோதலை முன்கூட்டியே சொல்லத் தொடங்குகிறார்கள். ஃபை 0, சை 180 வைத்தால் இரண்டு கார்பனைல் ஆக்சிஜன்களும் நேருக்கு நேர் இடித்துக்கொள்ளும். ஃபை 180, சை 0 என்றால் நைட்ரஜன்களில் இருக்கும் இரண்டு ஹைட்ரஜன்கள். இதை ஒருமுறை விரலில் உணர்ந்தவர்களுக்கு மனப்பாடம் தேவைப்படுவதில்லை. எல்லாக் குழுவின் குறிகளும் பலகையில் ஏறி முடியும்போது பெரும்பகுதி பெருக்கல் குறியாகவே இருக்கும். இடப்பக்கம் மேலே ஒரு வட்டக் கூட்டம், கீழே ஒன்று, வலப்பக்கம் ஒன்றிரண்டு சந்தேகக் கேஸ்கள். கரடுமுரடான படம்தான். களிமண் கூடக்குறைய இருந்தால் ஓரங்கள் மாறும். இருந்தாலும் மேலே உள்ள கூட்டத்தில் நீண்டு கிடக்கும் பீட்டா இழையும், கீழே உள்ளதில் ஃபை மைனஸ் 57, சை மைனஸ் 47 அருகே ஆல்ஃபா ஹெலிக்ஸும் உட்கார்ந்திருப்பதை அவர்களே பார்த்துவிடுகிறார்கள்.

அடுத்து அலனினிலிருந்து பீட்டா கார்பனைப் பிடுங்கிவிட்டு மறுபடி சுற்றச் சொல்வேன். கிளைசின். பெருக்கல் குறிகள் மளமளவென்று வட்டமாகும். படம் நடுப்புள்ளியைச் சுற்றிச் சமச்சீராகிவிடும், ஏனென்றால் கிளைசினுக்கு இடதும் கிடையாது வலதும் கிடையாது. இதை நான் வாயால் சொல்லவேண்டிய அவசியமே வருவதில்லை. ஒரு கார்பன் இல்லாமல்போனால் இவ்வளவு சுதந்திரமா என்று அவர்கள் வியக்கும் நேரத்தில்தான் எலும்பிலும் தோலிலும் இருக்கும் கொலாஜன் புரதத்தைச் சொல்வேன். 1954-ல் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து ராமச்சந்திரன் முன்வைத்த மூன்று சங்கிலி வடிவத்தில், ஒவ்வொரு மூன்றாவது அமினோ அமிலமும் கிளைசின். மூன்று சங்கிலிகளும் சேரும் நடு அச்சில் ஒரு ஹைட்ரஜனுக்குத்தான் இடம் இருக்கிறது. அங்கே கிளைசினுக்குப் பதில் வேறொன்று வந்துவிட்டால் எலும்பு எளிதில் முறியும் பிறவி நோயே வருகிறது. ஒரு களிமண் உருண்டை கூடுதலாக இருப்பதற்கு என்ன அர்த்தம் என்று அப்போது சொல்லிப் புரியவைக்கத் தேவையில்லை.

நீளமான சங்கிலி

முழுப் புரதத்தை அணு அணுவாகக் கட்டுவது வகுப்பில் நடக்காது. கென்ட்ரூவின் மையோகுளோபின் மாதிரியில் ஒரு ஆங்ஸ்ட்ராமுக்கு 5 சென்டிமீட்டர் என்ற அளவு, சுமார் 2500 செங்குத்துக் கம்பிகள் நடுவே பித்தளைத் துண்டுகள், கைவிட்டுத் திருத்தவே சிரமம். நீளமான சங்கிலிக்கு நுரை உறை போட்ட வளையும் கம்பி போதும். வண்ண ஊசிகளைக் குத்தி, நீரை வெறுப்பவை உள்ளே போகவேண்டும், மின்னேற்றம் உள்ளவை வெளியே, இரண்டு சிஸ்டீனும் இரண்டு ஹிஸ்டிடினும் ஒரு துத்தநாக அயனியைச் சுற்றி வரவேண்டும் என்று விதி கொடுத்தால், சுமார் 30 அமினோ அமிலங்கள் கொண்ட ஜிங்க் ஃபிங்கர் என்ற சிறு புரதத் துண்டை மடிக்க ஆளுக்கொரு வழி பிடிப்பார்கள். இதில் எனக்குப் பிடித்தது, யாருடைய மடிப்பும் இன்னொருவருடையதைப் போல இருக்காது என்பது. விதிகளை எல்லோரும் காப்பாற்றியிருப்பார்கள், வடிவம் மட்டும் வேறு. செல்லுக்குள் இருக்கும் சங்கிலி ஒவ்வொரு முறையும் ஒரே வடிவத்துக்கு எப்படி வந்து சேருகிறது என்ற கேள்வி அங்கே தானாக எழுகிறது. முந்தைய பயிற்சியைச் செய்தவர்கள் “இந்தக் கம்பிக்கு ஃபை சை தெரியாதே” என்று உடனே சொல்லிவிடுவார்கள். கம்பி எங்கே பொய் சொல்கிறது என்று அவர்களாகவே கண்டுபிடிப்பதைவிட எனக்கு வேறென்ன வேண்டும்?

களிமண்ணுக்கும் எல்லை உண்டு, அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். மையோகுளோபினில் 153 அமினோ அமிலங்கள், எட்டு ஹெலிக்ஸ்கள், நடுவே ஆக்சிஜனைப் பிடிக்கும் ஹீம். அதன் இடம் நிரப்பும் மாதிரியைக் கொடுத்து, ஆக்சிஜன் மூலக்கூறு ஹீமுக்குப் போகும் வழியைத் தேடச் சொன்னால், இண்டு இடுக்கெல்லாம் துழாவிவிட்டு “வழியே இல்லை” என்பார்கள். அவர்கள் சொல்வது சரி. படிகத்தில் பார்த்த அந்த அசையாத வடிவத்தில் ஆக்சிஜன் நுழையும் அளவுக்குத் திறந்த பாதை கிடையாது. பக்கச்சங்கிலிகள் நொடிப்பொழுதுக்குள் விலகி விலகிச் சேருவதால்தான் அது உள்ளே போகிறது. பிளாஸ்டிக்கும் களிமண்ணும் விலகாது. அந்த இடத்தில் நான் கணினியைத் திறந்து, புரதம் அசைவதைக் காட்டும் உருவகப்படுத்தலை ஓடவிடுவேன். வழியே இல்லை என்று கையால் உறுதிசெய்துகொண்டு வந்தவர்கள் அந்தக் காட்சியைப் பார்க்கும் விதமே வேறு. திரையையே முதலில் காட்டியிருந்தால் ஏதோ நடுங்கிக்கொண்டிருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள்.

நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். முழுக்க ஒப்புக்கொண்டார் என்று சொல்லமுடியாது. நேரம் அவருக்கு இன்னும் உறுத்துகிறது. ராமச்சந்திரன் வரைபடத்தை மட்டும் தன் பிரிவிலும் கையால் போட்டுப் பார்ப்பதாகச் சொல்லி, கோணமானி அச்செடுத்த தாளை வாங்கிக்கொண்டு போனார். எனக்கு மிச்சமிருக்கும் சண்டை செய்முறைத் தேர்வோடு. அதில் இன்னும் ‘ஆல்ஃபா ஹெலிக்ஸின் படம் வரைந்து பாகங்களைக் குறி’ என்ற கேள்விதான் இருக்கிறது. அதற்குப் பதிலாக, இரண்டு தட்டுகளோடு ஒரு அலனினை மேசையில் வைத்து, “இதை ஆல்ஃபா ஹெலிக்ஸ் நிலைக்குத் திருப்பு, பீட்டா கார்பன் எதைத் தொடுகிறது என்று சொல், அடுத்து இடஞ்சுழிக்குத் திருப்பி அதையே சொல்” என்று கேட்கலாம். ஒரு மாணவருக்கு ஐந்து நிமிடம் ஆகும். அடுத்த பாடத்திட்டக் கூட்டத்தில் இதை எழுத்தில் கொடுக்கப்போகிறேன்.